சதருத்திரீயமும் காட்டுத் தானியங்களும்

திருத்தலையூர்த் தடாகத்தில் கழுத்தளவு நீரில் நின்று, குவித்த கைகளைத் தலைமேற் கொண்டு, இரவும் பகலும் ஸ்ரீருத்திரம் ஓதிச் சிவபெருமான் திருவடி நீழல் எய்திய உருத்திர பசுபதி நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் வாயிலாகச் சைவ நன்மக்கள் நன்கறிவர். அந்நாயனார் ஓதிய உருத்திரமே இன்றும் நம் திருக்கோயில்களில் அபிடேக காலத்தில் ஓதப்படுகின்றது. கிருஷ்ண யசுர்வேதமாகிய தைத்திரீய சங்கிதை ஏழு காண்டங்களை யுடையது. அவற்றுள் நடுவணதாகிய நான்காங் காண்டத்தின் ஐந்தாம் பிரபாடகம் ஸ்ரீருத்திரமாம். ஏழாம் பிரபாடகத்து முதற் பதினோரனுவாகங்கள் சமகமாம். உருத்திரத்திற்குச் சதருத்திரீயம் என்பதும் ஒரு பெயர்.

இவற்றுட் சமகத்தின் நான்காம் அனுவாகத்திற் பன்னிரு தானியங்கள் வேண்டப்படுகின்றன. அவை, விரீகி, யவம், மாடம், திலம், முற்கம், கல்வம், கோதூமம், மசூரம், பிரியங்கு, அணு, சியாமாகம், நீவாரம் என்பன. நெல், வாற்கோதுமை, உழுந்து, எள், பாசிப்பயறு, கோதுமை, மைசூர்ப்பருப்பு என்பன எளிதிற் பொருள் விளங்குவன. கல்வம் ஒரு பருப்பு வகை; அதனைக் கடலை யென்பாரும் உளர். இறுதியில் நின்ற நான்கும் புல்லினத்துச் சிறு தானியங்கள். ஓதுவோர் நாவிலும் கேட்போர் செவியிலும் நாடோறும் பயிலும் இப்பெயர்கள் எப்பயிர்களைக் குறிப்பன என்று வினவின், பெரும்பாலும் ஒலியொப்புமை பற்றியே விடை வருகின்றது. சியாமாகம் என்றாற் சாமை, நீவாரம் என்றால் ஒருவகை நெல், அவ்வளவே.

இது சொற்பொருள் அளவில் நின்றுவிடும் வினா அன்று. உருத்திர வழிபாட்டின் தொன்மையை ஆராய்ந்த மேனாட்டறிஞர் சிலர், வேள்வியிற் பிற தேவர்க்கு நெல்லும் யவமும் படைக்க, உருத்திரருக்குக் காட்டுத் தானியங்களே படைக்கப்பட்டன. ஆதலின் அவர் ஊர்ப்புறத்துத் தெய்வம், வேள்விப் பந்தியில் இடம் பெறாதவர் என்று ஒரு கொள்கை நிறுவினர். அக்கொள்கை நிற்குமா, வீழுமா என்பது அத்தானியங்கள் எவை, அவற்றை வேதம் யார்யார்க்கு எக்காரணம் பற்றி விதிக்கின்றது என்பவற்றை அறிந்தாலன்றித் துணியப்படாது. ஆதலின் ஈண்டு அவற்றை ஒருவாறு ஆராய்வாம்.

ஆராய்ச்சிக்கு அளவை வேண்டும். காண்டல், கருதல், உரை என நம் சித்தாந்த நூல்கள் கொண்ட மூன்றுமே இதற்கும் போதும். வேத வாக்கியமும், அதன்வழி வந்த சூத்திரம், புராணம், மருத்துவ நூல், இலக்கணம் என்பனவும் உரையாம். பயிர் விளையும் பருவம், அதன் பயன், வழக்கிலுள்ள பெயரின் திரிபு என்பன கொண்டு உய்த்துணர்வது கருதலாம். செடியை நேரே கண்டு அதன் விதையும் பூவும் ஆராய்வது காண்டலாம். மூன்றும் ஒன்றுபட்டுழிப் பொருள் துணியப்படும்; ஒன்று மற்றொன்றை மறுப்பின் துணிவு தள்ளிவைக்கப்படும். ஒலியொப்புமை மட்டும் கொண்டு துணிவது இம்மூன்றனுள் எதனுள்ளும் அடங்காது.

வேதங் கூறும் விதி

முதற்கண் உரையளவையை நோக்குவாம். அக்கினிசயனம் என்னும் பெருவேள்வியிற் செங்கற்களால் வேதி அமைத்து, இறுதிக்கல் வைத்தபின், சதருத்திரீய ஓமம் நிகழும். அதன் விதி தைத்திரீய சங்கிதை ஐந்தாங் காண்டம் நான்காம் பிரபாடகத்தில் உளது. ஆண்டுக் கூறப்படுவதன் கருத்து இது: அப்பொழுதே பிறந்த அக்கினி உருத்திரனே, அவன் தன் பாகத்தை நாடுகின்றான். ஊர் விலங்கின் பாலால் ஓமஞ் செய்தால் ஊர் விலங்குகட்குத் துன்பம் நேரும். காட்டு விலங்கின் பாலாற் செய்தால் காட்டு விலங்குகட்குத் துன்பம் நேரும். ஆகலின் ஜர்த்திலக் கஞ்சியாலேனும் கவீதுகக் கஞ்சியாலேனும் ஓமஞ் செய்க. அங்ஙனஞ் செய்யின் இருவகை விலங்கும் ஊறுபடா.

இதன்மேல் அச்சுருதி தானே ஒரு தடையையும் எழுப்புகின்றது. ஜர்த்திலமும் கவீதுகமும் ஆகுதியே ஆகா என்பர் சிலர் என்று கூறி, அக்கினிக்குரிய ஆட்டின் பாலைக் கொள்க, அதனாலும் இருவகை விலங்கும் ஊறுபடா என்று முடிக்கின்றது. ஓமஞ் செய்தற்குக் கருவி எருக்கிலை. செய்வோன் நிற்குந் திசை உருத்திரருக்குரிய வடதிசை.

சுக்கில யசுர்வேதத்துச் சதபத பிராமணம் ஒன்பதாங் காண்டத் தொடக்கத்தில் இவ்வோமத்தையே கூறுமிடத்து ஜர்த்திலத்தையும் கவேதுக மாவையும் விதிக்கின்றது. ஆங்கு ஜர்த்திலத்தின் இயல்பு மிகத் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது: அது எள்ளாதல் பற்றி ஊருணவு, உழாத நிலத்தில் விளைதல் பற்றிக் காட்டுணவு, ஆதலின் இருவகை உணவும் அதனுள் அடங்கும் என்பது அதன் கருத்து. செடியின் இனத்தையும் அது விளையும் நிலத்தையும் ஒருங்கே கூறிய இவ்விடம், தாவர ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணையாவதை மேலே காண்பாம்.

இவையேயன்றி, அக்கினிசயனத்துக்கென உழுத நிலத்தில் ஊர்ப்பயிர் ஏழும் காட்டுப்பயிர் ஏழுமாகப் பதினான்கும் பதினான்கு மந்திரங்களால் விதைக்கப்படும் என்றும் அச்சங்கிதை கூறும். ஆபத்தம்ப சிரௌத சூத்திரம் அவற்றைப் பெயர் சொல்லி எண்ணுகின்றது. எள், உழுந்து, நெல், யவம், பிரியங்கு, அணு, கோதுமை என்பன ஊர்ப்பயிர். மூங்கிலரிசி, சியாமாகம், நீவாரம், ஜர்த்திலம், கவீதுகம், மர்க்கடகம், கார்முதம் என்பன காட்டுப்பயிர். விட்டுணு புராணம் முதல் அம்சத்தும் வேள்விக்குரிய பதினான்கு பயிர்கள் கூறப்படுகின்றன. ஆண்டு ஊர்ப்பயிர் கொள்ளுடன் கூடி எட்டாகவும், காட்டுப்பயிர் கார்முதம் ஒழிந்து ஆறாகவும் எண்ணப்படும். காலத்தால் மிகச் சேய்மைப்பட்ட இரு நூல்களும் சியாமாகம், நீவாரம், ஜர்த்திலம், கவீதுகம், மூங்கிலரிசி, மர்க்கடகம் என்னும் ஆறனையும் காட்டுப் பயிரென்றே ஒருபடியாகக் கூறுதலின், அவ்வழக்கு நெடுங்காலம் பிறழாது நின்றதென்பது பெறப்படும்.

இனி ஒவ்வொன்றாக நோக்குவாம்.

நீவாரம்

நீவாரம் என்னுஞ் சொல் தானியப் பெயரென்பதைப் பாணினி முனிவரே மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு தனிச் சூத்திரத்தால் அமைத்துள்ளார். உழுத நிலத்தில் விளைவது என்னும் பொருட்டாகிய கிருட்டபச்சியம் என்னுஞ் சொல்லையும் அவர் அவ்வத்தியாயத்தே தனியே எடுத்தோதினார். சமகம் ஐந்தாம் அனுவாகத்தில் உழுது விளைவதும் உழாது விளைவதும் அடுத்தடுத்து வேண்டப்படுகின்றன. ஆகவே உழுது விளைவது, உழாது விளைவது என்னும் பாகுபாடு அக்காலத்தார் மனத்தில் எத்துணை ஆழப் பதிந்திருந்தது என்பது விளங்கும்.

காளிதாசர் சாகுந்தலத்து முதலங்கத்தில், தவவனத்தை அடையாளங் காட்டுமிடத்து, கிளிகள் வாழும் மரப்பொந்தின் வாயிலிருந்து உதிர்ந்த நீவார மணிகள் மரத்தடியிற் கிடத்தலைக் கூறுகின்றார். தவத்தோர் நீவாரத்தில் ஆறிலொரு கூறு இறையாகத் தரவேண்டும் என்று விதூடகன் நகையாடுவதும் அந்நாடகத்து உண்டு. வானப்பிரத்தன் உழுத நிலத்தில் விளைந்ததை உண்ணலாகாது என்று மனுநூல் ஆறாம் அத்தியாயம் விதிக்கும். இவற்றால் நீவாரம் தவத்தோர் வாழும் இடத்தே தானே முளைத்து விளைந்த நெல் என்பது பெறப்பட்டது. தமிழில் இதனைக் குளநெல் என்பர்.

காண்டலளவையும் இதற்கு இயைகின்றது. குளக்கரையிலும் மழைநீர் தேங்கும் பள்ளங்களிலும் தானே முளைத்து ஓராண்டில் முதிரும் காட்டு நெல் ஒன்று உண்டு. அதன் கதிரில் நீண்ட மூக்கு, அதாவது வால், இருக்கும். முதிர்ந்தவுடன் மணி தானே உதிர்ந்துவிடும். உதிர்தலே காட்டு நெல்லுக்கும் நாட்டு நெல்லுக்கும் உள்ள தலையாய வேறுபாடு. மனிதன் பல தலைமுறையாக உதிராக் கதிரையே அறுத்து அதனையே விதைத்து வந்தமையால் நாட்டு நெல் உதிரா இயல்பு பெற்றது. 1965-ஆம் ஆண்டில் சர்மா, சாஸ்திரி என்னும் நெல்லாராய்ச்சி அறிஞர் இருவர் இக்காட்டு நெல்லுக்கு நம் வேதச் சொல்லையே வைத்து ஓரைசா நிவாரா எனப் பெயரிட்டனர். 1970-களிற் கீழ்த்திசை நாடுகளின் நெற்பயிரைக் குட்டை நோய் ஒன்று அழித்தபொழுது, பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான நெல்வகைகளைச் சோதித்தனர். அந்நோயைத் தாங்கும் ஆற்றல் உத்தரப் பிரதேசத்திலிருந்து கொண்டுபோன ஒரு நீவார மாதிரியிலேயே காணப்பட்டது. அதனோடு கலந்த புது நெல்வகைகளே பின்னர்ப் பல நாட்டுக் கழனிகளைக் காத்தன.

வழக்களவையும் இதனை வலியுறுத்தும். உத்தரப் பிரதேசம், சத்தீசுகர் முதலிய நாடுகளில் ஆவணி புரட்டாசிக் காலத்துத் தேய்பிறைச் சட்டியில் மகளிர் ஒரு நோன்பு நோற்பர். அதற்குக் கலப்பைச் சட்டி எனப் பொருள்படும் பெயர் உண்டு. அன்று கலப்பை பட்ட நிலத்தில் விளைந்த எதனையும் உண்ணார். பசகர் எனப்படும் தானே விளைந்த நெல்லரிசியையே சமைத்துண்பர். உழாது விளைவது என்று சமகம் கூறியது நூலிலன்றி அடுக்களையிலும் இன்றும் வாழ்கின்றது என்க.

சியாமாகம்

அடுத்தது சியாமாகம். இச்சொல் தமிழிற் சாமை எனவும், கன்னடத்திற் சாமெ எனவும், தெலுங்கிற் சாம எனவும் திரிந்து வழங்கும். இம்மூன்றும் ஒரே சிறுதானியத்தைக் குறிப்பன. ஆனால் வேதம் வழங்கிய வடநாட்டில் இச்சொல்லின் வழிவந்த சாவாங் என்னும் இந்திப் பெயர் சாமையைக் குறிப்பதன்று. நாம் குதிரைவாலி என்று கூறுந் தானியத்தைக் குறிப்பது. நம் சாமைக்கு இந்தியில் குட்கி என்பது வேறு பெயர். வடநாட்டார் ஏகாதசி, நவராத்திரி நோன்புகளில் அரிசி கோதுமைகளை விலக்கிச் சமா என்னும் பெயரால் உண்பதும் குதிரைவாலியே. ஒரு பெயர் நாடு கடந்து செல்லும்பொழுது, அந்நாட்டில் அதனை ஒத்த வேறொரு பயிர்மேல் ஏறுதல் உலக வழக்கு. தெற்கே வந்த சியாமாகப் பெயர் சாமைமேல் ஏறிற்றெனக் கொள்ளல் பொருந்தும். ஆகவே வேதத்துச் சியாமாகம் குதிரைவாலியும், நெல் வயல்களிற் களையாக முளைக்கும் அதன் காட்டு முன்னோடியுமாம் எனத் துணிதல் தகும். வேதப்பெயர் அகராதி இயற்றிய மாக்டொனெல், கீத் என்னும் இருவரும் 1912-இல் இதனைப் புன்செய்த் தானியமென்றே கொண்டனர்.

பருவமும் இதற்கு மாறன்று. ஆக்கிரயணம் எனப்படும் புத்தரிசி வேள்வியில் மழைக்காலத்துச் சியாமாகமும், கூதிர்க்காலத்து நெல்லும், வேனிற்காலத்து யவமும் படைக்கப்படும். சியாமாகத்திற்குரிய தேவர் சோமர். மழை தொடங்கிய சின்னாளில் முளைத்து, நெல் முதிர்வதற்கு முன்பே விளைந்து விடுதல் குதிரைவாலியின் இயல்பாம்.

சாந்தோக்கிய உபநிடதத்து மூன்றாம் அத்தியாயத்திலுள்ள சாண்டில்லிய வித்தையில், நெஞ்சகத்து உறையும் ஆன்மா நெல்லினும் யவத்தினும் கடுகினும் சியாமாகத்தினும் சியாமாக அரிசியினும் நுண்ணிது என்றும், அதுவே மண்ணினும் விண்ணினும் பெரிது என்றும் கூறப்பட்டுள்ளது. ஆங்கு உமியோடு கூடிய சியாமாகமும் உமி நீங்கிய சியாமாக அரிசியும் வேறு வேறாக எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது. குதிரைவாலியின் உமி பளபளப்பாய், இறுகப் பற்றி, மணியின் பருமனிற் பெரும்பகுதியாய் இருக்கும். உமி நீக்கிய அரிசியோ மிகச் சிறிது. உமியும் அரிசியும் கொண்டு ஆணவ மலத்தையும் உயிரையும் விளக்கும் நம் சித்தாந்த நூலோர்க்கு இவ்வுவமையின் நுட்பம் எளிதிற் புலனாம். இன்ன தானியமென்று அறியாதார்க்கு இது வெறும் அடுக்காகவே தோன்றும்.

அணு என்பது சீனகம் எனப்படும். அஃது இக்காலத்துப் பனிவரகு. பிரியங்கு என்னும் பெயர் மணமுடைய ஒரு செடிக்கும் உண்டு. ஆயினும் தானியங்களோடு எண்ணப்பட்டவிடத்து அது தினையே. இவ்விரண்டையும் ஆபத்தம்பர் ஊர்ப்பயிருள் வைத்தமையின் அவைபற்றி ஈண்டு விரித்திலம்.

ஜர்த்திலம்

ஜர்த்திலம் காட்டெள். எள்ளினத்துக் காட்டுச் செடிகள் நம் நாட்டிற் பல உண்டு. அவற்றுள் எது ஜர்த்திலம் என்பதே வினா. சதபத பிராமணம் அதனை எள்ளென்றே கூறியதை முன்னர்க் கண்டாம். இக்காலத் தாவர நூலார் செடிகளின் உயிரணுவிலுள்ள நிறக்கோல்களை எண்ணி இனவுறவு காண்பர். நாட்டெள்ளுக்கு அவ்வெண் 26. தரையிற் படரும் காட்டெள்ளும், இலை பிளவுபட்ட காட்டெள்ளும் 32 உடையன. அவை நாட்டெள்ளோடு எளிதிற் கலந்து காய்ப்பன அல்ல. மலையாள நாட்டிலும் மேலைக் கடற்கரை யோரத்தும் வளரும் காட்டெள் ஒன்றே 26 உடையது. நாட்டெள்ளோடு கலந்து வளமான விதை தருவது. அதன் பூவின் கீழிதழ் ஆழ்ந்த ஊதாநிறம். விதையின் தோல் வலைபோல் வரியுடையது. விதை உடனே முளையாது உறங்கிக் கிடந்து பின் முளைக்கும். இதுவே நாட்டெள்ளின் முன்னோர் என்று தாவர ஆராய்ச்சியாளர் முடிவுசெய்துள்ளனர்.

நாட்டெள் பிறந்த இடம் ஆப்பிரிக்கா என்று முன்னர்ச் சிலர் கூறினர். அது பாரத நாட்டிலேயே பயிராக்கப்பட்டது என்பது இன்று நிலைபெற்ற முடிபு. ஹரப்பா அகழ்வில் கருகிய எள் கிடைத்தமையை மாதோ சரூப் வத்ஸ் 1940-இல் வெளியிட்ட தம் நூலிற் கூறியுள்ளார். இவற்றை யெல்லாம் நோக்குங்கால், எள்ளாதல் பற்றி ஊருணவு, உழாது விளைதல் பற்றிக் காட்டுணவு என்று சதபதம் கூறிய உரையின் திட்பம் வியக்கத்தக்கதாம். ஒரே இனம், இருவேறு நிலை என்பதை அவ்வேதியர் கண்ணாற் கண்டு கூறினர். நிறக்கோல் எண்ணிக்கையும் அதனையே கூறுகின்றது.

கவீதுகம்

ஏனையவற்றினும் இடர்ப்பாடுடையது கவீதுகம். சதபதம் இதனைக் கவேதுகம் என்னும். தேவன் உடல் தளர்ந்து கிடந்த இடத்திலிருந்து கவேதுகம் முளைத்ததென்று அது கூறும். இராசசூய வேள்வியிற் சூதாட்டு அதிகாரியின் மனையில் உருத்திரருக்குக் கவீதுகச் சரு படைக்கப்படும். பசுபதியாகிய உருத்திரருக்கும் அவ்வேள்வியிலேயே கவீதுகச் சரு விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே இஃது உருத்திரருக்கே சிறப்பாக உரிய தானியமாம்.

மேற்கூறிய வேதப்பெயர் அகராதியாரும் மோனியர் வில்லியம்சு என்பாரும் ராக்ஸ்பரோ பெயரிட்ட ஒரு கரடுமுரடான பெரும்புல்லை இதற்குப் பொருளாகத் தந்தனர். அதனை அவர் நெற்பவளத்தின் இனமாக வைத்துக் காயிக்ஸ் பார்பாட்டா என்றார். பிற்காலத்தார் அதனைச் சயொனாக்னே என்னும் வேறோரினத்துட் சேர்த்துவிட்டனர். ஆயுர்வேதம் வல்லோர் கவேதுகத்தை நெற்பவளமென்றே கொள்வர். நெற்பவளம் நீர்க்கரையில் மக்காச்சோளம் போலத் தழைத்து வளரும் புல். அதன் மணியைச் சூழ்ந்துள்ள ஓடு சங்குபோல் வெண்மையும் சாம்பல் நிறமும் பளபளப்பும் உடையது. இயற்கையிலேயே ஊடு துளை உண்மையின் மாலை கோப்பார் அதனை விரும்புவர்.

இவ்விரண்டனுள் எது கொள்ளத்தக்கது? வேதம் கவீதுகத்தைக் கஞ்சியாகவும், மாவாகவும், சருவாகவும் விதிக்கின்றது. ஆகவே அது குற்றி அரைத்து உணவாக்கப்படுவதாதல் வேண்டும். சரக சங்கிதை சூத்திர தானத்து இரண்டாம் அத்தியாயத்தில் கஞ்சி வகைகளைக் கூறுமிடத்து, வறுத்த கவேதுகக் கஞ்சி தேனோடு உண்ணப்படின் உடல் இளைக்கச் செய்யும் என்கின்றது. இருபத்தேழாம் அத்தியாயத்தில் சியாமாகம், நீவாரம், அணு, பிரியங்கு என்பவற்றோடு அதனையும் உணவுத் தானியமாக எண்ணுகின்றது. வேள்விக்குரிய கஞ்சியும் மருத்துவர் கஞ்சியும் ஒரே தானியத்தால் ஆதல் கருதத்தக்கது. நெற்பவளத்துள் ஓடு மெல்லிதாய வகை ஒன்று நாகர் மலைநாட்டிலும் மேகாலயத்திலும் இன்றும் உணவுப் பயிராக விளைக்கப்படுகின்றது. மற்றைப் பெரும்புல்லுக்கு உணவுப் பயன் இவ்வளவு வலியுறவில்லை. ஆகலின் உணவாதல் பற்றி நெற்பவளமே கவீதுகம் என்னும் ஆயுர்வேதியர் கொள்கை வலியுடைத்து.

மூங்கிலரிசி தமிழர்க்குப் புதிதன்று. பறம்புமலை உழவர் உழாதே நான்கு பயன் தருவது என்று கபிலர் புறநானூற்றில் எண்ணியவற்றுள் முதலாவது அதுவே. உழாது விளைவதைப் பெருமையாக எண்ணும் நெறி தமிழகத்தும் உண்டென்பதற்கு அது சான்று. மர்க்கடகமும் கார்முதமும் அறிஞரிடை இன்னும் ஒருமைப்படாதன.

இத்தானியங்களோடு எருக்கையும் சேர்த்தெண்ணல் வேண்டும். அங்கிரசர் விண்ணுலகு செல்லுங்கால் காய்ச்சிய பாலை ஆட்டின்மேற் சிந்த, அது வெம்மையால் வருந்தி உதிர்த்த இலையே எருக்காயிற்று என்று தைத்திரீயம் கூறும். ஆட்டுப் பாலும் எருக்கிலையும் ஒரே பிறப்புடையன என்பது அதன் குறிப்பு. வடமேற்கு நாட்டில் மிகுதியாக உள்ளது சிற்றெருக்கு, நம் நாட்டிற் பெருகியது பேரெருக்கு, இரண்டும் ஓரினமே. நல்லதும் தீயதுமல்லாத எளிய எருக்காயினும் அன்போடு சூட்டினால் தேவர் மறுப்பதில்லை என்னுங் கருத்தைக் கபிலர் புறநானூற்றிற் கூறினார். திருஎருக்கத்தம்புலியூரில் வெள்ளெருக்கே தலமரம். வேத வேள்வியில் இலையாக நின்றது தமிழகத்துத் திருக்கோயிலிற் பூவாகவும் மரமாகவும் நிற்கின்றது.

காட்டுணவு இழிவாகுமா?

இனி, தொடக்கத்திற் கூறிய கொள்கையை எடுத்துக்கொள்வாம். காட்டுத் தானியம் படைத்தல் உருத்திரர் இழிந்தவரென்பதைக் காட்டுமா?

இராசசூயத்தில் தேவசுவர் எனப்படும் எண்மர்க்கு அவி கூறப்பட்டுள்ளது. அவ்விடத்தில் அக்கினிக்குக் கருநெல், சவிதாவுக்கு விரைவில் விளையும் நெல், இந்திரனுக்குப் பெருநெல், வருணனுக்கு யவம் விதிக்கப்பட்டன. பசுபதியாகிய உருத்திரருக்குக் கவீதுகம். ஆனால் அவ்வரிசையிலேயே சோமருக்குச் சியாமாகமும், வாக்கின் தலைவராகிய பிரகற்பதிக்கு நீவாரமும் விதிக்கப்பட்டுள்ளன. வாசபேய வேள்வியிலும் பிரகற்பதிக்குப் பதினேழு சராவ அளவுள்ள நீவாரச் சரு உண்டு. தேவ குருவாகிய பிரகற்பதியும், வேள்வியின் உயிராகிய சோமரும் ஊர்ப்புறத்துத் தெய்வங்களென்று எவருங் கூறார். ஒரே வரிசையிற் காட்டுத் தானியம் பெற்ற மூவருள் இருவர்க்கு அது உயர்வும் ஒருவர்க்கு மட்டும் இழிவும் ஆதல் எங்ஙனம்? எனவே காட்டுத் தானியம் இழிவின் அடையாளமென்னும் ஏது அனைகாந்திகமாய்ப் போலியாயிற்று.

ஜர்த்திலமும் கவீதுகமும் ஆகுதியே ஆகா என்று தைத்திரீயத்தில் வந்த தடை அவர் கொள்கைக்கு அரணாகாதோ எனின், ஆகாது. அத்தடை பொருளைப் பற்றியதேயன்றித் தெய்வத்தைப் பற்றியதன்று. அத்தடையால் உருத்திரருக்கு ஆகுதியே வேண்டாவென்று சுருதி கூறவில்லை. அக்கினிக்குரிய ஆட்டின் பாலாகிய ஐயமற்ற ஆகுதியையே கொள்கவென்று கூறிற்று. ஆகுதிக்குரியவர் அல்லரென்று அவரை விலக்கியிருப்பின் இவ்விதி எழுந்திராது.

அன்றியும், காரணத்தைச் சுருதி தானே கூறியுள்ளது: ஊர் விலங்கும் காட்டு விலங்கும் ஊறுபடாமை. இரண்டு உயிர்த்தொகுதியையும் காத்தற்கே இரண்டிற்கும் நடுவாகிய உணவு தேடப்பட்டது. ஜர்த்திலம் இருவகை உணவும் தன்னுள் அடக்கியது என்று சதபதம் கூறியதும் இதுபற்றியே. பசுபதி என்பது எல்லா உயிர்க்கும் தலைவர் என்னும் பொருட்டாதலின், அவருக்குரிய அவி எவ்வுயிரையும் வருத்தாததாயிருத்தல் பொருத்தமே.

ஸ்ரீருத்திரமும் இதனையே கூறும். அதன்கண் இறைவர் காடுகளுக்கும் மரங்களுக்கும் புதர்களுக்கும் மருந்துச் செடிகளுக்கும் தலைவராகப் போற்றப்படுகின்றார்; அதே மந்திரத் தொகுதியில் வயல்களுக்கும் உணவுக்கும் தலைவராகவும், விளைநிலத்திலும் போரடிக்குங் களத்திலும் இருப்பவராகவும், உவர்நிலத்தில் இருப்பவராகவும் போற்றப்படுகின்றார். காடு மட்டும் அவர்க்குரியதென்பார் அக்களத்தையும் வயலையும் கண்டிலர் போலும். உழுதது, உழாதது என்னும் வேறுபாடு மனிதன் தன் முயற்சியாற் செய்தது. அவ்விரண்டிற்கும் முன்னே நின்றவர் இறைவர். உழவு தோன்றுமுன் மக்கள் உண்டது நீவாரமும் காட்டெள்ளும் அன்றோ? கங்கைச் சமவெளியில் லகுராதேவா என்னுமிடத்து அகழ்வில் கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டினதாகக் கணிக்கப்பட்ட நெற்றடயம் கிடைத்தது. அது காட்டு நெல்லோ நாட்டு நெல்லோ என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதமே நீவாரத்திலிருந்து விரீகிக்கு மக்கள் சிறிது சிறிதாக நகர்ந்தமையைக் காட்டும். வேள்வியிற் காட்டுத் தானியம் கொண்டமை, அப்பழைய உணவை மறவாது இறைவர்க்கு முதற்கண் படைத்த நன்றியுணர்வின் எச்சமென்று கருதலும் பொருந்தும்.

ஆகவே பெறப்பட்டன இவை. நீவாரம் குளநெல். சியாமாகம் குதிரைவாலியும் அதன் காட்டு முன்னோடியும், சாமை அன்று. ஜர்த்திலம் நாட்டெள்ளின் முன்னோராகிய காட்டெள். கவீதுகம் உணவாகும் நெற்பவளமென்றல் வலியுடைத்து. சமகத்திற்குப் பொருளெழுதுவோர் இவ்வேறுபாடுகளைக் குறித்தல் நன்று. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின்னர்க் குதிரைவாலியும் தினையும் பனிவரகும் நகரத்துக் கடைகளிலும் மதிப்புப் பெற்றன. குளநெல்லும் காட்டெள்ளும் அங்ஙனம் மதிக்கப்படவில்லை. குளம் தூர்ந்து கரை கட்டடமாகுந்தோறும் குளநெல் ஒழிகின்றது. களையென்று மருந்து தெளிக்குந்தோறும் காட்டெள் ஒழிகின்றது. உழாது விளைவதும் எமக்கு ஆகுக என்று திருமுன்னர் நாடோறும் வேண்டிக்கொண்டே, அது விளையும் இடத்தை நம் கையாலேயே அழித்தல் வேண்டுதலுக்கு முரணாம். கோயிற் குளக்கரையில் தானே முளைத்த ஒரு நெற்கதிரைக் காணும் அன்பர், அதனைப் பறித்தெறியுமுன், சமகத்தில் அதன் பெயர் இருத்தலை நினைவாராக.